கிளட்ச் மிதிக்க முடியாதவர்களின் பழைய கார்கள்: வின்டேஜ் கார் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் வின்டேஜ், கிளாசிக் கார் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் கண்காட்சி நடுவர்களுக்கும் வணக்கம்.

என்னிடம் 1964-ஆம் வருடத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று இருக்கிறது. வண்டலூரில் செய்த வண்டி, அப்பா வாங்கியது. எனக்கு மூன்று வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. வலது காலில் குறை ஒன்றும் இல்லை. பதினாறு வருடமாக ஆட்டோமேட்டிக் கார் ஓட்டுகிறேன். ஆனால் சிறுவயதில் அப்பா மடியில் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்த அந்த ஹெரால்டை மட்டும் என்னால் ஓட்ட முடிந்ததில்லை. அப்பா போன பிறகு, மாதம் இரண்டு முறை யாரையாவது கூப்பிட்டுத் தெருவைச் சுற்றி வரச் சொல்வேன். நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பேன்.

போன வருடம், கிளட்ச் மிதிக்காமல் ஓட்டும்படி வண்டியில் ஒரு மாற்றம் செய்தேன். அப்புறம் ஒரு கண்காட்சிக்குப் பதிவு செய்யப் போனபோது, 'ஒரிஜினல் இல்லை, போட்டியில் சேர்க்க முடியாது' என்று சொல்லிவிட்டார்கள். கியர் குமிழில் இருந்த சின்ன பட்டனைப் பார்த்ததோடு சரி, பானெட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அது எந்தச் சங்கம் என்பது முக்கியமில்லை. இதே பேச்சை வேறு இடங்களிலும் கேட்டிருப்பதால்தான் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் முழு ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் போடுவதாகத்தான் இருந்தேன். எனக்கு வேலை பார்க்கும் மெக்கானிக் இரண்டு நாள் வண்டிக்கு அடியில் படுத்து அளந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்றார். அவர் சொன்ன காரணங்கள் நியாயமானவை. இந்த 948 சிசி என்ஜினின் சக்தியே சுமார் 35 குதிரைத்திறன்தான். அதில் ஒரு பங்கை, கிளட்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியே சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வாங்கிக்கொண்டால் நாலு பேரோடு மேம்பாலம் ஏறுவதே கஷ்டம். என்ஜினோடு கியர் பாக்ஸைச் சேர்க்க ஒரு அடாப்டர் பிளேட் கடைந்து எடுக்க வேண்டும். பின் சக்கரங்களுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நீளத்தை மாற்ற வேண்டும். கியர் பாக்ஸைத் தாங்கும் இடம் புதிதாக அமைய வேண்டும். கியர் ஆயிலைக் குளிர்விக்க ரேடியேட்டர் பக்கம் குழாய் இழுக்க வேண்டும். ஸ்பீடோமீட்டர் கேபிளின் கணக்கும் மாறிப்போகும். இவ்வளவும் செய்தாலும் எங்கேயோ ஓரிடத்தில் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸை வெட்ட வேண்டிவரும் என்றார். வெட்டுவது என்றதும் நானே நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

கடைசியில் போட்டது ஆட்டோ கிளட்ச். மாற்றுத்திறனாளிகளுக்காக மாருதி போன்ற வண்டிகளில் பல வருடமாகப் பொருத்துகிறார்களே, அதே முறைதான். கியர் பாக்ஸ் அப்பா காலத்தில் இருந்த அதே நாலு கியர் பாக்ஸ். குமிழில் உள்ள பட்டனை அழுத்தினால், என்ஜின் காற்று இழுக்கும் குழாயில் உண்டாகும் வெற்றிடத்தைக் கொண்டு சர்வோ என்ற ஒரு கருவி கிளட்சைப் பிரிக்கிறது. பட்டனை விட்டு ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மெதுவாகச் சேர்க்கிறது. ஹெரால்டில் கிளட்ச் ஏற்கெனவே ஹைட்ராலிக் என்பதால், அந்த லைனில் ஒரு இணைப்பு கொடுத்தாலே போதுமானதாக இருந்தது. பழைய பெடல் இன்னும் அதே இடத்தில் இருக்கிறது, வேறு யாரும் மிதித்து ஓட்டலாம். புதிதாக ஒரு துளைகூடப் போடவில்லை, இருந்த போல்ட்டுகளிலேயே எல்லாவற்றையும் மாட்டியிருக்கிறோம். கழற்ற ஒரு பகல் வேலை. இந்தக் காரில் கியர் பாக்ஸை மூடியிருக்கும் டனலே போல்ட்டில் நிற்பதுதான், உள்ளே உட்கார்ந்தபடியே கியர் பாக்ஸை வெளியே எடுத்துவிடலாம் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மாற்றிய அசல் குமிழையும் பைப்பையும் துணியில் சுற்றி டிக்கியில் வைத்திருக்கிறேன். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி ஆர்.சி.யிலும் ஏற்றியாகிவிட்டது.

கிளட்ச் பெடல் இல்லாமல் ஓட்டுவது ஹெரால்டு பிறந்த கார்க் குடும்பத்துக்குப் புதிதும் இல்லை. ஹெரால்டுக்கு என்ஜின் கொடுத்தது அதற்கு முந்தைய ஸ்டாண்டர்டு டென். அந்த டென் காருக்கு 1957-இல் இங்கிலாந்தில் 'ஸ்டாண்டிரைவ்' என்ற பெயரில், இரண்டே பெடலோடு ஓட்டும் வசதியைக் கம்பெனியே கூடுதல் விலைக்குக் கொடுத்தது. ஹைட்ரமேட்டிக் என்ற முழு ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸோ, அமெரிக்காவின் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபீலிலேயே வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில் கால் இழந்து ஊர் திரும்பிய அமெரிக்க வீரர்கள் அந்த வண்டிகளைச் சிறப்புக் கட்டுப்பாடுகளோடு ஓட்டினார்கள். ஊனமுற்ற காலுக்காகக் காரை மாற்றியதும் வாகன வரலாற்றில் சேர்ந்ததுதானே?

உலகப் பழைய வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபீவா, பழைய வண்டிகளைப் பாதுகாப்பது பற்றி 2013-இல் ஏற்ற டூரின் சாசனத்திலும் இதற்கு இடம் வைத்திருக்கிறது. மாற்றம் செய்யவேண்டி வந்தால் அது கண்ணை உறுத்தாமல், திரும்பப் பழையபடி ஆக்கும்படி இருக்கட்டும், கழற்றிய அசல் பாகங்களை வண்டியோடு வைத்திருங்கள் என்கிறது அது. உங்கள் மேடைகளில் ரேடியல் டயரும், டைனமோ இருந்த இடத்தில் ஆல்டர்னேட்டரும், எலக்ட்ரானிக் இக்னிஷனும் உள்ள வண்டிகள் பரிசு வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். அது தப்பு என்று சொல்ல வரவில்லை, வண்டி ஓட வேண்டும் என்பதற்காகச் செய்தவை அவை. நான் செய்ததும் அதற்காகத்தான்.

சட்டத்திலும் ஒரு இடைவெளி இருக்கிறது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், உடல் குறைபாடு உள்ளவருக்காக வண்டியைத் தகவமைக்க அனுமதிக்கிறது. 2021-இல் வந்த வின்டேஜ் பதிவு விதியோ, 50 வருடம் தாண்டிய வண்டி அசல் வடிவில், பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும் என்கிறது. இரண்டுக்கும் உட்பட்ட என் வண்டி எந்தப் பக்கம் சேரும்? பதிவுக்கு வண்டியைப் பார்க்கும் அதிகாரிகள் இந்தக் கேள்வியோடு வரும்போது, பதில் சொல்லும் அறிவு உங்களிடம்தான் இருக்கிறது. அன்றைக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பதுதான் என் கவலை.

சேஸிஸை அறுத்து, டனலை வெட்டி, பழைய கியர் பாக்ஸை இரும்புக் கடைக்கு எடை போட்டவரை நீங்கள் போட்டியில் சேர்க்கக் கூடாது. அதில் உங்கள் கட்சிதான் நானும். அறுத்ததை ஒட்டவைத்தாலும் பழைய வண்டி திரும்ப வராது. ஆனால் போல்ட்டில் மாட்டிய அடாப்டர் பிளேட்டில் நிற்கும் ஆட்டோமேட்டிக்கையும், வெட்டிச் செருகிய ஆட்டோமேட்டிக்கையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும், அசல் பாகங்களையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் மற்ற வண்டிகளோடு சேர்த்து மதிப்பிடுங்கள், கியர் குமிழுக்கு ஒரு மதிப்பெண் குறைத்தாலும் பரவாயில்லை. 'மாற்றுத்திறனாளிகள் பிரிவு' என்று தனியாக ஒன்று திறந்து எங்களை ஓரத்தில் நிறுத்திவிட மட்டும் வேண்டாம். வண்டி ஹெரால்டு, அது ஹெரால்டுகளோடுதான் நிற்க வேண்டும்.

அடுத்த கண்காட்சிக்கு முன்னால் உங்களில் இரண்டு பேராவது என் வீட்டுக்கு வந்து பாருங்கள். கியர் பாக்ஸ் டனலைக் கழற்றி வைக்கிறேன். பார்த்து முடித்ததும் நானே உங்களை ஒரு சுற்று அழைத்துப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு ஹெரால்டின் உரிமையாளர், சென்னை