தேக்கா மாடி அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

என் மகளுக்கு ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவது. அதற்காக உடம்பைச் சுற்றி மாட்டியிருந்த பிளாஸ்டிக் கவசம்தான் பிரேஸ். செவ்வாய்க்கிழமை டாக்டர், "இனிமேல் பிரேஸ் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அன்று மாலை உங்களில் பலருக்குக் குரல்செய்தி அனுப்பினேன். அதில் பாதி அழுகை, மீதி என்ன உளறினேன் என்று எனக்கே நினைவில்லை. அதனால்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், திரும்பச் சொல்லப்போவதில்லை. கடைசி எக்ஸ்ரேயில் வளைவு 31 டிகிரி. தொடங்கியபோது 28. "அப்போ கூடித்தானே இருக்கு?" என்று கேட்டவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரே படத்தை இரண்டு பேர் அளந்தாலே ஐந்து டிகிரி வரை முன்னே பின்னே வருமாம். முதுகை நிமிர்த்துவது பிரேஸின் வேலை இல்லை. பிள்ளை வளர்ந்து முடியும்வரை வளைவைக் கூட விடாமல் பிடித்து வைப்பதுதான். பிடித்து வைத்துவிட்டது. உயரமும் நின்றுவிட்டது, என்னைத் தாண்டிய பிறகு.

முதலில் மொத்தமாக ஒரு நன்றி. பிரேஸ் செய்து கொடுத்தவர் ஒவ்வொரு முறையும் விளிம்பைச் சுரண்டிச் சரிசெய்துவிட்டு, என்னைக் கேட்காமல் மகளிடம் "இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்பார். வகுப்பாசிரியர் அவளை மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார வைத்தார். பரத வகுப்பு டீச்சர், டாக்டர் ஆடலாம் என்று சொன்ன மறுவாரமே அவளை முதல் வரிசையில் நிறுத்தினார். இரண்டு வருஷம் அவளுடைய புத்தகப்பையைத் தூக்கி வந்த தோழிக்கும் நன்றி. பை தூக்குவதால் இது வருவதில்லை, தூக்காததால் போவதும் இல்லை என்று நான் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளை கேட்கவே இல்லை. அலாரம் வைத்து எழுந்து வாரைச் சரிபார்த்த என் வீட்டுக்காரருக்குத் தனியாகச் சொல்லியாகிவிட்டது.

தேக்கா மாடித் தையல்கடை அக்கா, இனி உங்களுக்கு. நீங்கள் இதெல்லாம் படிக்க மாட்டீர்கள் என்று தெரியும், தம்பி படித்துக் காட்டுவான்.

அவள் தொடக்கநிலை 6 படித்த வருஷம், தீபாவளிப் பாவாடைக்கு அளவு கொடுக்க வந்தோம். கழுத்தடியிலிருந்து இடுப்பு வரை ஒரு பக்கம் அளந்தீர்கள், மறு பக்கம் அளந்தீர்கள், டேப்பை உதறிவிட்டு மறுபடியும் அளந்தீர்கள். அப்புறம் மேசை டிராயரிலிருந்து ஐந்து வெள்ளி எடுத்து, "பாப்பா, கீழே போய் மூணு கரும்புச்சாறு வாங்கிட்டு வா. ஐஸ் கம்மியாப் போடச் சொல்லு" என்று அனுப்பிவிட்டீர்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தாகம் போல என்று நினைத்தேன்.

அவள் படியிறங்கிய பிறகுதான் அந்த நீல அட்டை நோட்டை எடுத்தீர்கள். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம், வருஷா வருஷம் அளவு. "இங்க பாரும்மா. போன வருஷம் ரெண்டு பக்கத்துக்கும் கால் இன்ச் வித்தியாசம். அது எல்லாருக்கும் வரும். இந்த வருஷம் முக்கால். தோளும் ஒண்ணு இறங்கியிருக்கு. எனக்குத் துணிதான் தெரியும், முதுகு தெரியாது. டாக்டர்கிட்ட காட்டிடு." அவ்வளவுதான் சொன்னீர்கள். ஐயோ பாவம் என்றோ பெண் பிள்ளையாச்சே என்றோ ஒரு வார்த்தை வரவில்லை. அவள் சாற்றோடு மேலே வந்தபோது பாவாடைக்கு மாம்பழ மஞ்சளா மயில் நீலமா என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

நான் ஒத்திப்போட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பிஎஸ்எல்இ (சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றிருந்தேன். போன வருஷம் பள்ளிக்கு வந்த தாதியர் குனியச் சொல்லிப் பார்த்து ஒன்றுமில்லை என்றார்களே என்ற தைரியம் வேறு. அவர்கள் மேல் குற்றமில்லை, அப்போது ஒன்றும் இருந்திருக்காது. பிள்ளை மளமளவென்று வளரும் அந்த ஒரு வருஷத்தில்தான் வளைவும் ஓடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. நீங்கள் இரண்டு தடவை போன் செய்தீர்கள். "பாவாடை தயார்" என்று தொடங்கி, "டாக்டரைப் பார்த்தாச்சா?" என்று முடிப்பீர்கள். இரண்டாவது போனுக்கு வெட்கப்பட்டுத்தான் பலதுறை மருந்தகத்துக்குப் போனேன். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். உங்கள் நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருந்தேன். ஸ்பெஷலிஸ்ட் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "யார் இந்த டெய்லர்?" என்றார்.

நடுவில் ஓர் இடத்தில் முதுகை இருபது தடவை அழுத்திவிட்டால் நேராகிவிடும் என்று சொன்னதை நம்பி, பேக்கேஜுக்கு முன்பணம் கட்டி ஏமாந்த கதை உங்களுக்குத் தெரியும். அது என் முட்டாள்தனம், அதை விடுவோம்.

பிரேஸ் வந்தபோது வீட்டில் பெரிய வாக்குவாதம். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஓர் ஆய்வைப் பற்றி டாக்டர் சொன்னார். 2013-இல் வெளிவந்ததாம். பிரேஸ் போட்டவர்களில் 100-க்கு 72 பேருக்கு வளைவு 50 டிகிரியைத் தொடாமல் வளர்ச்சி முடிந்தது, போடாதவர்களில் 48 பேருக்கு. கணக்கில் கெட்டிக்காரி சும்மா இருப்பாளா? "அப்போ பாதிப் பேருக்குப் போடாமலே சரியா இருக்கும்தானே?" என்றாள். டாக்டர் மழுப்பவில்லை. "ஆமாம். நீ எந்தப் பாதி என்று என்னால் சொல்ல முடியாது" என்றார். வீட்டுக்கு வரும்வரை எம்ஆர்டி ரயிலில் அவள் பேசவே இல்லை. இரவு தானாகவே எடுத்து மாட்டிக்கொண்டாள்.

ஒரு நாளைக்கு 18 மணி நேரம். அக்குளுக்குக் கீழேயிருந்து இடுப்பு வரை கெட்டி பிளாஸ்டிக், நம்மூர் வெயிலில். உள்ளே பனியன் போட வேண்டும், பனியனில் சுருக்கம் விழக்கூடாது. விழுந்தால் அந்த இடம் சிவந்து தோல் உரியும். கடையில் வாங்கிய பனியன் எல்லாவற்றிலும் பக்கத்தையல் சரியாகப் பிரேஸ் அழுத்துகிற இடத்தில் வந்தது. மூன்றாம் வாரம் அவள் விலாவில் காசளவுக்குப் புண். இதை நான் உங்களிடம் சொல்ல வரவில்லை. பள்ளிச் சட்டையைப் பெரிதாக்கத்தான் வந்தேன். நீங்கள்தான் அவளைத் திரைக்குப் பின்னால் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பிரேஸை மேசையில் வைக்கச் சொன்னீர்கள். உள்பக்கம் எங்கே மெத்தை, எங்கே வெற்றிடம் என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தீர்கள். பிறகு அவளைப் பிரேஸோடு நிறுத்தி அளவெடுத்து, அந்த நோட்டில் அவள் பக்கத்திலேயே, மற்ற அளவுகளுக்குக் கீழே எழுதினீர்கள். தனித் தாள் தேடவில்லை. அவள் அதைத்தான் கவனித்திருக்கிறாள். "என் பேஜ்லயே எழுதினாங்கம்மா" என்று அன்று இரவு சொன்னாள்.

நான்கு நாள் கழித்து ஆறு பனியன். பக்கத்தில் தையலே இல்லை. ஒரே தையல், அதுவும் வெளிப்பக்கம், மெத்தை படாத முன்பக்க ஓரமாக. மேலே ஏறிச் சுருண்டுகொள்ளாதபடி தொடை வரை நீளம். ஒன்றுக்கு இரண்டு வெள்ளிதான் வாங்கினீர்கள், துணிக்கே காணாது. கேட்டால், "வெட்டுன மிச்சம்மா" என்றீர்கள். ஆறும் ஒரே வெள்ளையில் ஒரே துணி, அக்கா. அப்படி மிச்சம் எந்தக் கடையில் விழும்?

புண் ஆறியது. அப்புறம் வரவே இல்லை.

இன்னொன்றும் உங்களால்தான் ஆயிற்று. குனியவைத்துப் பார்க்கும் வித்தையை வீட்டில் கற்றுக்கொண்ட பிறகு மகள் யாரையும் விடவில்லை. கால்களைச் சேர்த்து, உள்ளங்கைகளைச் சேர்த்துக் குனிய வேண்டும். பின்னாலிருந்து பார்த்தால் ஒரு பக்க விலா மேடாகத் தெரிகிறதா என்று தெரியும். எனக்கே லேசாக இருந்தது. எக்ஸ்ரேயில் 14 டிகிரி. நாற்பத்து மூன்று வயதில் ஒன்றும் செய்ய வேண்டாமாம். குடும்பத்தில் ஓடக்கூடியதுதானாம். அம்மாவையும் கூட்டிப்போனேன். ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பார், பத்து நிமிடத்தில் கால் மரத்துவிடும். சூப்பர்மார்க்கெட்டில் மட்டும் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் சுற்றுவார். வயசாச்சு, கடைக்கென்றால் மட்டும் கால் வரும் என்று கேலி செய்திருக்கிறோம். வயதில் முதுகெலும்புத் தட்டுகளும் மூட்டுகளும் தேய்ந்து முதுகு வளைந்து, நரம்பு நெருக்கப்பட்டால் முன்னால் சாய்கிறபோது வலி குறையும் என்று டாக்டர் விளக்கியபோது எனக்குத் தலை குனிந்துவிட்டது. பெரியவர்களுக்கு வளைவை நேராக்குவதைவிட வலியும் நடையும்தான் முக்கியமாம். எலும்பு அடர்த்தி பார்த்தார்கள், உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். இப்போது புளோக்கைச் சுற்றி ஒரு நடை போகிறார், கையில் தள்ளுவண்டி இல்லாமல்.

அந்தப் பனியனின் வெட்டு மாதிரியைப் பழுப்புத் தாளில் எனக்கு வரைந்து கொடுத்தீர்கள் அல்லவா? அதைப் பார்த்து நானே இரண்டு தைத்தேன், கோணல்தான், ஆனால் போடலாம். யார் வீட்டுப் பிள்ளைக்காவது பிரேஸ் போடச் சொல்லியிருந்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள். தாளைப் படியெடுத்துத் தருகிறேன், துணி கொடுத்தால் தைத்தும் தருகிறேன். கூலி இரண்டு வெள்ளி, அது அக்கா வைத்த விலை.

அக்கா, வரும் சனிக்கிழமை பாவாடைக்கு அளவு கொடுக்க வருகிறோம். இந்த வருஷம் தாவணியும் வேண்டுமாம். பிரேஸ் இல்லாமல் நிற்பாள். கரும்புச்சாறு வாங்க இந்த முறை நான் கீழே போகிறேன். ரெண்டு பக்கமும் எவ்வளவு வருகிறதோ, அதை அவளிடமே சொல்லிவிடுங்கள்.