மயோர்க்காவின் மலைப்பாதையைக் காப்பவர்களுக்கு நன்றி

எல்லாருக்கும் வணக்கம்.

த்ராமுந்தானா மலையில் நடந்துவிட்டு வந்து படங்களைப் போட்டதும், பார்த்தவர்கள் எல்லாரும் மலையையும் கடலையும் மெச்சினார்கள். மெச்ச வேண்டியவைதான். ஆனால் அந்த மலையில் நாங்கள் பத்திரமாக நடந்ததற்கும், நடப்பதற்கு அங்கே ஒரு பாதை இருப்பதற்கும் காரணமானவர்கள் எந்தப் படத்திலும் இல்லை. இந்த மடல் அவர்களுக்காக.

போகாதவர்களுக்கு ஒரு வரி: ஸ்பெயினைச் சேர்ந்த மயோர்க்கா தீவின் வடமேற்குக் கரையோரம் நிற்கும் மலைத்தொடர் அது. அந்த்ராச் பக்கமிருந்து பொயென்சா வரை அதன் நீளவாக்கில் போகும் நடைபாதைக்கு ஜி.ஆர். 221 என்று எண், உலர்கல் பாதை என்று பெயர். சாந்து, சிமெண்ட் எதுவும் இல்லாமல் கல்மேல் கல் அடுக்கிக் கட்டிய சுவர்களும் படிகளும் வழி நெடுகக் கூடவே வருகின்றன. 2011-இல் யுனெஸ்கோ இந்த மலைத்தொடரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2018-இல் ஸ்பெயின் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகள் சிலவற்றின் உலர்கல் கட்டும் கலையும் யுனெஸ்கோவின் இன்னொரு பட்டியலில், கைவழி, வாய்வழி வரும் மரபுகளுக்கான பட்டியலில், இடம்பெற்றது.

முதல் நன்றி அந்தக் கல்தச்சர்களுக்கு. ஊரில் அவர்களை மார்ஜேர் என்கிறார்கள். சோயர் ஊரிலிருந்து பினியராயிஷ் பள்ளத்தாக்கு வழியே ஏறும்போது, சரிந்த சுவர் ஒன்றை ஒருவர் எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் நின்றதும் அவரும் வேலையை நிறுத்தவில்லை, எங்களைப் போகவும் சொல்லவில்லை. ஒரு கல்லை எடுத்தார், திருப்பினார், மறுபடி திருப்பினார், சுத்தியலால் ஒரு மூலையைத் தட்டினார், கீழே இரண்டு கல்லின் மேலும் சமமாக உட்காரும்படி வைத்தார். பின்னால் சில்லுகளைச் செருகி இறுக்கிவிட்டு, என் கையைப் பிடித்து அந்தக் கல்மேல் வைத்து ஆட்டிப் பார்க்கச் சொன்னார். அசையவில்லை. சுவருக்குப் பின்னால் சின்னக் கற்களாக நிரப்பியிருந்ததையும் காட்டினார். மழைநீர் அதன் வழியே கசிந்து வெளியேறிவிடும், சுவரைத் தள்ளாது. ஆலிவ் மரங்கள் நிற்கும் அடுக்கடுக்கான நிலமெல்லாம் இந்த நம்பிக்கையில்தான் நிற்கிறது.

பாதையின் குறுக்கே சாய்வாக நட்டிருந்த கல்வரிசைகளை நான் அதுவரை அழகுக்கு என்றே நினைத்திருந்தேன். ஓடிவரும் தண்ணீரை ஓரமாகத் திருப்பிவிடுவதற்காம். வளைந்து போகும் பாதையில் நாலு பேர் குறுக்கு வழியாக இறங்கினால் போதும். அடுத்த மழைக்குத் தண்ணீரும் அதே தடத்தைப் பிடித்துக்கொள்ளும், கீழே உள்ள சுவரின் அடியை அரிக்கும். பொழுதுபோக்காகக் கற்களைக் கோபுரம்போல் அடுக்கி வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்தக் கல் பெரும்பாலும் யாரோ கட்டிய சுவரிலிருந்து வந்தது.

அடுத்தது நிலத்துச் சொந்தக்காரர்களுக்கு. பாதை பல இடங்களில் தனியார் நிலங்கள் வழியாகத்தான் போகிறது. ஆடுகள் மேயும் இடத்தில் முன்பின் தெரியாதவர்களைத் தினமும் நடக்கவிடுவது சின்ன விஷயமில்லை. அவர்கள் கேட்பதெல்லாம் கதவைத் திறந்தால் மூடிவிட்டுப் போங்கள் என்பது மட்டும்தான். கழுத்தில் ஒலிபெருக்கியை மாட்டிப் பாட்டுப் போட்டுக்கொண்டு அந்த ஆடுகளுக்கு நடுவே போன கும்பலைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

கூபெர் நீர்த்தேக்கத்தின் கரையில் வெயிலுக்கு ஒரு முழுக்குப் போடலாமா என்று கேட்டபோது, "இது பால்மா நகரம் குடிக்கிற தண்ணீர், குளிக்கக் கூடாது" என்று சிரித்துக்கொண்டே தடுத்த ஓர் அம்மாவுக்கு நன்றி. இந்த மலையின் ஓடைக்குட்டைகளில் மட்டும் வாழும் சின்னத் தேரை ஒன்றைப் பற்றியும் அவர்தான் சொன்னார். ஆண் தேரை முட்டைச்சரத்தைப் பின்னங்காலில் சுற்றிச் சுமந்து திரியுமாம். முதலில் புதைபடிவமாகக் கண்டு, அழிந்துபோன இனம் என்று 1977-இல் பதிவு செய்தார்கள். அப்புறம்தான் உயிரோடு இருப்பதே தெரியவந்தது. தோலைத் தாக்கும் ஒருவகைப் பூஞ்சை அதற்கு எமன். ஈரக் காலணியில் ஒட்டி அந்தப் பூஞ்சை குட்டைக்குக் குட்டை போகக்கூடும் என்பதால், தண்ணீரைக் கண்டதும் இறங்கிவிடாதீர்கள்.

தொசால்ஸ் வெர்ட்ஸ் மலைவிடுதிக்காரர்களுக்குத் தனி நன்றி. கண்ட இடத்தில் கூடாரம் போட அனுமதி இல்லாத மலையில் இவர்கள் இல்லாவிட்டால் எங்களுக்கு ஏது இரவு? தக்காளி தேய்த்து எண்ணெய் ஊற்றிய ரொட்டியை இன்னும் மறக்கவில்லை. குப்பையைக் கையோடு கீழே எடுத்துப் போகச் சொன்னார்கள், போனோம். மே 1 முதல் அக்டோபர் 15 வரை காட்டில் தீ மூட்டத் தடை என்பதை மிரட்டலாகச் சொல்லாமல், 2013 ஜூலையில் அந்த்ராச் பக்கம் 2,300 ஹெக்டேருக்கு மேல் எரிந்த கதையாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு யார் அடுப்பை எடுப்பார்கள்?

இன்றில்லாதவர்களுக்கும் நன்றி சொல்லத் தோன்றுகிறது. மசனேயா சிகரத்தின் பக்கம் பனிக்குழிகள் இருக்கின்றன. குளிர்காலத்தில் பனியை வாரிக் கொட்டி, மிதித்து இறுக்கி, இடையிடையே காட்டுப்புல் பரப்பி மூடி வைப்பார்களாம். கோடை இரவுகளில் அதை வெட்டிக் கழுதைகளில் ஏற்றி, விடிவதற்குள் நகரத்துக்குச் சேர்ப்பார்கள். ஓக் காட்டுக்குள் கரி சுட்டவர்களின் வட்டமான கல்மேடைகள் பாசி படிந்து கிடக்கின்றன. நாங்கள் ஆசைக்கு நடந்த பாதை அவர்களுக்குப் பிழைப்பு.

கைத்தடிகளை இரவல் கொடுத்த நண்பர்களுக்கும், சேற்றுக் காலணியோடு ஏறிய எங்களை முகம் சுளிக்காமல் ஏற்றிக்கொண்ட பேருந்து ஓட்டுநருக்கும் நன்றி. தடிகளைக் கழுவிக் காயவைத்துவிட்டோம், இந்த வாரம் வந்து தருகிறோம்.

அன்புடன்,
உங்கள் நடைக் கூட்டாளிகள்