ஜப்பான் வாள் வாங்குவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய சாமுராய் வாள்களை ஜப்பான் கடைகளிலிருந்து நேரடியாக வரவழைப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். வாள்களின் அழகைப் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. ஆனால் பணம் கட்டினால் ஒரே வாரத்தில் வீடு தேடி வந்துவிடும் என்று எழுதியிருந்தது தவறு. அதை நம்பிப் பணம் கட்டுகிறவர் சுங்கத்தில் மாட்டிக்கொள்வார். நான் டோக்கியோவில் பழைய வாள் விற்கும் கடையொன்றில் ஏற்றுமதிக் காகித வேலை பார்க்கிறவள். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். நம் ஊர்க்காரர்களின் மின்னஞ்சல்கள் என் மேசைக்குத்தான் வருகின்றன. அதனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஜப்பானில் பழைய வாள் வைத்திருப்பவர் பெயரில் உரிமம் தருவதில்லை. பதிவு செய்யப்படுவது வாள்தான். 'தோரொக்குஷோ' என்னும் பதிவுச் சீட்டை மாகாணக் கல்வி வாரியம் கொடுக்கிறது. வாளின் வகை, நீளம், வளைவு, பிடிக்குள் மறையும் அடிப்பகுதியில் உள்ள துளைகளின் எண்ணிக்கை, இரு பக்கமும் பொறித்த எழுத்து எல்லாம் அதில் இருக்கும். வாள் கைமாறினால் 20 நாட்களுக்குள் வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். (1951ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கொடுத்த சீட்டு என்றால் சேகரிப்பாளர்களுக்குத் தனி ஆசை. பழைய பிரபுக் குடும்பங்கள் அப்போது முதல் வரிசையில் நின்று பதிவு செய்தன.)

வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டுமானால் அந்தச் சீட்டையும் படங்களையும் இணைத்து, 'புன்காச்சோ' என்கிற பண்பாட்டு முகமைக்கு விண்ணப்பிக்கிறோம். தேசியப் பொக்கிஷமாகவோ முக்கியப் பண்பாட்டுச் சொத்தாகவோ அறிவிக்கப்பட்ட வாள் நாட்டை விட்டுப் போக முடியாது. இந்த வாள் அந்த வகையில் இல்லை என்று முகமை சான்று தந்த பிறகுதான் பெட்டி கட்டுவோம். பதிவுச் சீட்டை இங்கேயே ஒப்படைத்துவிட வேண்டும். இதற்கே சில வாரங்கள் பிடிக்கும். 'எல்லாம் தயார், நாளைக்கே அனுப்புகிறேன்' என்று ஒரு வியாபாரி சொன்னால், ஏற்றுமதிச் சான்றின் நகலைக் கேளுங்கள்.

விண்ணப்பத்துக்குப் படம் எடுக்கும் வேலை எனக்குப் பிடித்தது. அண்மையில் ஒரு வாக்கிசாஷி வந்தது. நடுத்தர நீள வாள், ஒசாஃபுனே ஊர் சுகெசதா என்று கொல்லரின் பெயர் பொறித்தது. அலகைப் பிடியோடு பிணைக்கும் மூங்கில் ஆணியைச் சின்னப் பித்தளைச் சுத்தியால் தட்டி எடுத்தோம். கடை முதலாளி இடது கையால் பிடியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, வலது முஷ்டியால் இடது மணிக்கட்டில் இரண்டு தட்டு தட்டினார். அலகு பிடியிலிருந்து மெல்ல மேலெழுந்தது. உள்ளே மறைந்திருந்த அடிப்பகுதி கருந்துரு படிந்து வழவழவென்று இருந்தது. துருவுக்கு அடியிலும் கொல்லர் அரம் போட்ட சாய்வுக் கோடுகள் தெரிந்தன. அந்தத் துருவைத் தயவுசெய்து யாரும் தேய்க்காதீர்கள். அதன் நிறத்தையும் படிவையும் பார்த்துத்தான் வாளின் வயதைச் சொல்கிறார்கள். முன்பு வேறொரு வாளை வாங்கிப் போனவர் உப்புத்தாள் போட்டு அதைப் பளபளப்பாக்கிவிட்டுப் பெருமையாக அனுப்பிய படத்தைப் பார்த்து முதலாளி அன்று சாப்பிடவே இல்லை.

பொறித்த பெயரை மட்டும் நம்பியும் விலை கொடுக்காதீர்கள். சுகெசதா என்ற பெயரில் பல கொல்லர்கள் இருந்திருக்கிறார்கள். புகழ்பெற்ற கொல்லரின் பெயரைப் பின்னாளில் யாரோ பொறித்துவிட்ட வாள்களும் ஏராளம். 1948இல் தொடங்கிய ஜப்பான் கலை வாள் பாதுகாப்புச் சங்கம் வாளை நேரில் ஆராய்ந்து சான்று கொடுக்கிறது. அந்தச் சான்று சுங்கத்திலும் கைகொடுக்கும். சுங்கத் தீர்வைப் பட்டியலில் நூறாண்டு கடந்த பழம்பொருள் 9706 என்ற தலைப்பிலும், சாதாரண வாள் 9307 என்ற ஆயுதத் தலைப்பிலும் வரும். வயதைக் காட்டத் தாள் இல்லாவிட்டால் அதிகாரியிடம் வாயால் சொல்லிப் பயனில்லை.

இந்திய வாசகர்களுக்கு முக்கியமானதைச் சொல்கிறேன். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 10ஆம் பிரிவுப்படி, உரிமம் இல்லாமல் ஆயுதம் எதையும் நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. கூர்மையான ஆயுதங்களும் அந்தச் சட்டத்தில் அடங்கும். ஆகவே முதலில் உரிமம், அப்புறம்தான் முன்பணம். சென்னையிலிருந்து ஒருவர், பெட்டியின்மேல் 'அலங்காரப் பொருள்' என்று எழுதி அனுப்பச் சொன்னார். இன்னொருவர் விலையைப் பத்தில் ஒரு பங்காகக் காட்டச் சொன்னார். முடியாது என்றதும் இருவரும் வேறு கடை தேடிப் போய்விட்டார்கள். அப்படிப் போகும் வாள் பறிமுதலானால் எண்ணெய் போட ஆளில்லாமல் கிடங்கில் கிடக்கும். நம் கடலோரத்து ஈரக்காற்றில் அதன் அலகு எத்தனை நாள் தாங்கும்?

பிரிட்டனில் உள்ள வாசகர்களுக்கு நிலைமை வேறு. அங்கே 2008இல் 50 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள வளைந்த வாள்களைத் தடை செய்தாலும், நூறாண்டு கடந்தவற்றுக்கும் மரபு முறையில் கையால் அடித்தவற்றுக்கும் விலக்கு உண்டு. அங்கேயும் தாள்தான் பேசும்.

காகிதத்தை ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறேன் என்றால், 1945இல் காகிதம் இல்லாமல் போன வாள்களின் கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். போரில் தோற்ற ஜப்பானுக்குள் வந்த அமெரிக்க ஆக்கிரமிப்புப் படை ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்னபோது வீடு வீடாக வாள்கள் பறிபோயின. தேசியப் பொக்கிஷமான 'ஹோஞ்ஜோ மசமுனே' என்னும் புகழ்பெற்ற வாளை, முன்பு ஜப்பானை ஆண்ட தோகுகாவா குடும்பம் அந்த ஆண்டு டிசம்பரில் டோக்கியோவின் மெஜிரோ காவல் நிலையத்தில் ஒப்படைத்தது. இன்று வரை அது எங்கே என்று தெரியவில்லை. டோக்கியோவின் அகபானேயில் இருந்த அந்தப் படையின் கிடங்கில் குவிந்தவற்றில் 5,000க்கும் மேற்பட்டவை டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பிழைத்தன. உரிமையாளர் யாரென்று தெரியாமல் பல பத்தாண்டுகள் கிடந்து, 1999இல் அவற்றில் பெரும்பாலானவை நாடெங்கும் உள்ள அருங்காட்சியகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன.

மலேசிய வாசகர்களுக்கும் ஒன்று. போர்க்காலத்து ஜப்பானிய அதிகாரியின் வாள் தாத்தா வீட்டில் இருக்கிறது, ஜப்பானுக்கே திருப்பி அனுப்பலாமா என்று பினாங்கிலிருந்து ஒரு குடும்பம் கேட்டது. நல்ல எண்ணம்தான். ஆனால் மரபு முறையில் அடிக்காமல் ஆலையில் செய்த வாளை இங்கே பதிவு செய்ய முடியாது, வந்தால் அழித்துவிடுவார்கள். அனுப்பும் முன் பிடியைக் கழற்றி அடிப்பகுதியைப் படமெடுத்து, விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

ஆகவே அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே அந்த 'ஒரே வாரம்' என்ற வரிக்குத் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். இறக்குமதி உரிமத்துக்கு எந்த அலுவலகத்தில், எந்தப் படிவத்தில் விண்ணப்பிப்பது என்று சுங்க முகவர் ஒருவரையோ வழக்கறிஞரையோ கேட்டு அதே பக்கத்தில் போடுங்கள். ஜப்பான் பக்கத்துப் படிவங்களை விளக்கிச் சொல்ல நான் தயார்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால வாசகி,
டோக்கியோ