வார்டிலிருந்து வாசலுக்கு

அன்புள்ள செல்விக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் பாதி நேரம் உன் அப்பாவும் பெரியப்பாவுமே பேசிவிட்டார்கள். நான் சொல்ல நினைத்ததை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். இங்கிலாந்தில் வார்டு நர்ஸாக இருக்கிற நீ, வீடு வீடாகப் போய்ப் பிள்ளை, தாய் நலம் பார்க்கிற ஹெல்த் விசிட்டர் வேலைக்கு மாற நினைத்து அனுப்பிய பாடத்திட்டத்தைக் கீழ்த்தெரு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, பென்சிலால் கோடு போட்டு முழுக்கப் படித்துவிட்டேன். இங்கிலீஷ் கொஞ்சம் கடினம்தான். ஆனால் விஷயம் எனக்குத் தெரிந்த விஷயம் என்பதால் பெரும்பாலும் புரிந்தது.

"வீடு வீடாகப் போய்ப் பிள்ளைக்கு எடை போடவா கடல் கடந்து போனாள்?" என்று பெரியப்பா கேட்டது உன் காதிலும் விழுந்திருக்கும். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. என் கிராம நர்ஸ் வேலையைப் பற்றியும் அவர் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார், அவருடைய மருமகளுக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பனிக்குடம் உடைகிற வரைக்கும்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விண்ணப்பம் போடு. நைட் டியூட்டி இல்லை, சனி ஞாயிறு லீவு, பேரனைப் பள்ளியில் விட்டு அழைத்து வரலாம் என்று நீ சொன்ன காரணங்களும் நியாயமானவையே. அதைச் சொல்ல ஏன் கூச்சப்பட்டாய் என்று தெரியவில்லை. ஆனால் அதை மட்டும் நம்பி இந்த வேலைக்குப் போகாதே. வார்டு வேலையும் இதுவும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரிந்த அளவு உனக்கு இன்னும் தெரியாது.

வார்டில் நோயாளி உன் இடத்துக்கு வருகிறாள். கட்டில், கவுன், சாப்பாட்டு நேரம், யார் எப்போது பார்க்க வரலாம் என்பது எல்லாம் உங்கள் சட்டம். வீட்டுக்குப் போனால் நீ விருந்தாளி, அதுவும் பல வீடுகளில் கூப்பிடாமல் வந்த விருந்தாளி. செருப்பை எங்கே விடுவது, எந்த நாற்காலியில் உட்காருவது என்பதுகூட அவர்கள் சொல்வதுதான். கதவைத் திறக்கவில்லை என்றால் திரும்பி வரவேண்டும். அந்த நாட்டிலும் ஹெல்த் விசிட்டருக்கு ஒரு வீட்டுக்குள் நுழையச் சட்டப்படி எந்த உரிமையும் கிடையாது. அடுத்த முறையும் அந்தக் கதவு திறக்கும்படி நடந்துகொள்வது பாதி வேலை.

தீப்பெட்டி ஆபீஸ் தெருவில் ஒரு வீடு. முதல் பிரசவம் ஆகி மூன்றாவது வாரம். விட்டத்தில் கொக்கியை மாட்டி, துணியில் பிள்ளையை வைத்து எடை பார்த்தேன். நன்றாக ஏறியிருந்தது. ரிஜிஸ்டரில் எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பியிருக்கலாம். ஆனால் நான் எதைக் கேட்டாலும் மாமியார்தான் பதில் சொன்னார். "பால் குடிக்குதா?" "நல்லாக் குடிக்குது நர்ஸம்மா." "நீ தூங்குறியா?" "அவளுக்கு என்ன, நல்லாத் தூங்குறா." அந்தப் பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளை வீரிட்டு அழுதபோது கை மட்டும் நீண்டு வாங்கிக்கொண்டது. கண் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. காலையில் வைத்த இட்லி தட்டிலேயே காய்ந்து கிடந்தது.

"ஒரு வாய் காபி கொடுங்களேன்" என்று மாமியாரிடம் கேட்டேன். நான் காபி குடிக்கமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். அவர் அடுப்படிக்குப் போனதும், "பிள்ளை தூங்கினாலும் நீ முழிச்சுத்தான் கிடக்கிறியா?" என்று கேட்டேன். உடனே உதடு கோணிவிட்டது. "கிணத்துப் பக்கம் போகவே பயமா இருக்கு" என்றாள். அன்று சாயங்காலமே ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் கூட்டிப் போனேன். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போய், பல மாதம் மருந்து சாப்பிட்டுத் தேறிவிட்டாள். அந்தப் பிள்ளை இப்போது காலேஜில் படிக்கிறான், தலைமுடிக்குச் சிவப்புச் சாயம் வேறு.

அன்று நான் செய்ததற்கு என்னிடம் எந்த அளவுகோலும் கிடையாது, பழக்கம்தான். உனக்கு அதை முறையாகவே சொல்லித்தருவார்கள். போன ஒரு மாதமாக மனம் சோர்ந்து நம்பிக்கையில்லாமல் இருக்கிறதா, எதிலும் நாட்டமோ சந்தோஷமோ இல்லாமல் இருக்கிறதா என்று முதலில் இரண்டு கேள்வி. ஆமாம் என்றால் இன்னும் விரிவாகப் பார்க்க பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க 1987-ல் வந்த எடின்பரோ அளவுகோல் இருக்கிறது. அதில் பத்துக் கேள்விகள். பத்தாவது, தன்னைத்தானே ஏதாவது செய்துகொள்ளத் தோன்றியதா என்பது. மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும் பத்தாவதற்கு என்ன பதில் வந்தது என்று தனியாகப் பார்க்க வேண்டும். அதற்குத் தமிழ் வடிவமும் இருக்கிறது. தாள் எல்லாம் சரி, அதை நீட்டுவதற்கு முன்னால் மாமியாரைக் காபி போட அனுப்பத் தெரிந்திருக்க வேண்டும். கணவன் அடிக்கிறானா என்ற கேள்வியும் அப்படித்தான். அவள் தனியாக இருக்கும்போதுதான் கேட்க வேண்டும். இங்கிலீஷ் தெரியாத பெண்ணிடம் கேட்கும்போது கணவனையோ நாத்தனாரையோ வைத்து மொழிபெயர்க்கக் கூடாது, வெளியிலிருந்து மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட வேண்டும் என்று அங்கே சொல்லித்தருவதைப் படித்தபோது, எனக்கு அந்த வீடுதான் ஞாபகம் வந்தது.

படிப்பு விவரத்துக்கு வருகிறேன். நர்ஸாகவோ மிட்வைஃபாகவோ, அங்கே நர்ஸுகளைப் பதிவு செய்கிற கவுன்சிலான என்.எம்.சி.யில் பதிவு இருந்தால்தான் இதில் சேரவே முடியும். முழுநேரமாகப் படித்தால் ஒரு வருஷம், பகுதிநேரம் என்றால் இரண்டு. பாதி பல்கலைக்கழகத்தில், பாதி களத்தில். முடித்தால் என்.எம்.சி. பதிவேட்டில் 2004-ல் தொடங்கிய தனிப்பிரிவில் பெயர் ஏறும். ஸ்கூல் நர்ஸுகளும் அதே பிரிவுதான். எங்களுக்கு வி.எச்.என். என்ற கிராம சுகாதார நர்ஸிலிருந்து எஸ்.எச்.என். என்ற பகுதி சுகாதார நர்ஸ் ஆவதற்கு ஆறு மாதப் பயிற்சி கொடுத்தார்கள். அதற்கே வீட்டில் என்ன பாடு என்று உனக்கு நினைவிருக்கும், உன் அப்பா வைத்த ரசம் உட்பட.

நீ பயப்பட வேண்டியது பாடத்துக்கு அல்ல, கட்டுரைக்கு. நாம் ரெக்கார்டு நோட்டு எழுதிப் பழகியவர்கள். பார்த்ததை, செய்ததை எழுதுவோம். அங்கே, ஏன் அப்படிச் செய்தாய், அப்போது உன் மனதில் என்ன ஓடியது, ஆராய்ச்சி என்ன சொல்கிறது, அதை நீ ஏன் ஒப்புக்கொள்ளவில்லை என்றெல்லாம் எழுதச் சொல்வார்கள் போலிருக்கிறது. முதுநிலைப் படிப்பு அல்லவா. இப்போதிருந்தே டியூட்டி முடிந்து வந்ததும் ஒரு பக்கம் எழுதிப் பழகு.

ஹெல்த் விசிட்டர் வேலைக்கு 1977-ல் அங்கே வகுத்த நான்கு கொள்கைகளை இன்றும் சொல்லித்தருகிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். மக்களின் உடல்நலத் தேவைகளைத் தேடிப் போவது, அந்தத் தேவைகளை அவர்களே உணரச் செய்வது, நலத்தைப் பாதிக்கிற கொள்கைகளை மாற்றப் பார்ப்பது, நலம் தருகிற காரியங்களுக்கு வழி செய்துகொடுப்பது. மூன்றாவதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. மேல்நிலைத் தொட்டியைக் கழுவச் சொல்லி நான் பஞ்சாயத்து ஆபீசுக்கு நடையாய் நடந்தபோது, "நர்ஸுக்கு இதெல்லாம் எதுக்கு" என்றார்கள். அங்கே அது பாடத்திலேயே இருக்கிறது.

குறையும் சொல்லவேண்டும். இங்கிலாந்தில் எல்லாக் குடும்பத்துக்கும் கட்டாயம் என்று வைத்திருப்பது ஐந்தே சந்திப்புகள். கர்ப்பத்தில் 28 வாரத்துக்கு மேல் ஒன்று, பிள்ளை பிறந்து 10 முதல் 14 நாளுக்குள் ஒன்று, 6 முதல் 8 வாரத்தில் ஒன்று, ஒரு வயதை ஒட்டி ஒன்று, இரண்டு, இரண்டரை வயதில் ஒன்று. இடையில் ஒரு வருஷத்துக்கு மேல் யாரும் எட்டிப் பார்க்காமலே போகலாம். ஸ்காட்லாந்தில் பதினொரு முறை வீட்டுக்குப் போக வேண்டும், அதில் எட்டு முதல் வருஷத்திலேயே. என்னைக் கேட்டால் ஸ்காட்லாந்துக்காரர்கள்தான் விஷயம் தெரிந்தவர்கள். முதல் தடவை வீட்டுக்காரர்கள் உனக்குக் காட்டுவது கூட்டிப் பெருக்கிய வீட்டை. மூன்றாவது தடவைதான் உண்மையான வீட்டைப் பார்ப்பாய்.

ஆள் பற்றாக்குறையும் உண்டு. 2011-ல் 4,200 ஹெல்த் விசிட்டர்களைக் கூடுதலாகச் சேர்ப்போம் என்று அரசாங்கம் அறிவித்து, நிறையப் பேரைப் படிக்கவும் வைத்தது. 2015 அக்டோபரில் இந்தச் சேவையின் பொறுப்பு உள்ளாட்சிக் கவுன்சில்களிடம் போனது. அதற்கப்புறம் பணமும் குறைந்தது, எண்ணிக்கையும் சரிந்தது. ஒருவருக்கு 250 பிள்ளைகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஹெல்த் விசிட்டர்களுடைய அமைப்பே சொல்கிறது. பல ஊர்களில் அதைவிட எவ்வளவோ அதிகம். நேர்காணலுக்குப் போகும்போது, "உங்கள் டீமில் ஒருவருக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று நீயே கேள். கேட்பதில் தப்பில்லை.

உனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கப்போவது குழந்தைப் பாதுகாப்புதான். காலையில் சிரித்துப் பேசி டீ கொடுத்த வீட்டைப் பற்றிச் சாயங்காலம் நீயே, பிள்ளைகளின் பாதுகாப்பைக் கவனிக்கிற சோஷியல் சர்வீசுக்கு எழுத வேண்டிவரும். 2000-ல் லண்டனில் விக்டோரியா கிளிம்பி என்ற எட்டு வயதுக் குழந்தை, வளர்த்தவர்களின் சித்திரவதையில் இறந்துபோனாள். ஆஸ்பத்திரி, போலீஸ், சோஷியல் சர்வீஸ் என்று எத்தனையோ பேர் அவளைப் பார்த்திருந்தார்கள். ஆளுக்கொரு துண்டைப் பார்த்தார்கள், யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. அதனால் நீ பார்த்ததை, கேட்டதை, தேதியும் நேரமும் போட்டு அன்றைக்கே எழுதிவிடு. "மறுநாள் எழுதிக்கொள்ளலாம்" என்பது இந்த வேலையில் ஆகாது.

நம் ஆட்களும் உன் பட்டியலில் வருவார்கள், ஊர்க்காரர்களும் இலங்கைக்காரர்களும். தமிழ் கேட்டதும் உன்னைச் சொந்தக்காரியாக்கிவிடுவார்கள். வசம்பு உரைத்துக் கொடுப்பார்கள், கண் மை இழுப்பார்கள். சில மையில் ஈயம் இருக்கிறது, பக்குவமாகச் சொல். அங்கே வெயில் போதாது; நம் நிறத்துக்கு இன்னும் போதாது. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்குத் தினமும் வைட்டமின் டி சொட்டு விடச் சொல்கிறார்கள், அதை விட்டுவிடாமல் பார்த்துக்கொள். பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லி 1991-ல் அங்கே பெரிய பிரசாரம் நடந்து, தூக்கத்திலேயே பிள்ளைகள் இறப்பது வெகுவாகக் குறைந்தது. எனவே பிள்ளை தூங்குகிற இடத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பது அவர்கள் வழக்கம். ஆச்சிமார்கள் "நாங்க வளக்கலியா?" என்று சண்டைக்கு வருவார்கள். ஆச்சியைப் பகைத்துக்கொண்டு எந்தப் பிள்ளையையும் காப்பாற்ற முடியாது, இது என் அனுபவம்.

பெரியப்பாவுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். இந்த வேலை 1862-ல் மான்செஸ்டர், சால்ஃபோர்டு பக்கம் ஏழைத் தெருக்களில் தொடங்கியது. ஒரு பெண்கள் சங்கம், வீடு வீடாகப் போய்ச் சுத்தத்தையும் பிள்ளை வளர்ப்பையும் சொல்லித்தர உழைக்கும் வர்க்கத்துப் பெண்களைச் சம்பளத்துக்கு வைத்தது. 1890-களில் பக்கிங்ஹாம்ஷையர் கிராமங்களில் இப்படிப் போகிற பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கப் பாடுபட்டவர் யார் தெரியுமா? ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல். நோயாளியைப் பார்ப்பது ஒரு வேலை, நோய் வராமல் பார்ப்பது வேறு வேலை, அதற்குத் தனிப் படிப்பு வேண்டும் என்று சொன்னார். 1896-ல் இந்தியக் கிராமங்களுக்கும் அப்படிப்பட்ட பெண்கள் வேண்டும் என்று எழுதினார், இந்தியா பக்கமே வராதவர். டில்லியில் ஹெல்த் விசிட்டர்களுக்கான லேடி ரீடிங் பள்ளி 1918-லேயே வந்துவிட்டது. இதையெல்லாம் நேற்று அவருக்குச் சொன்னேன். "ஓஹோ" என்றார். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இனி செய்யவேண்டியது. பெரும்பாலும் செப்டம்பரில்தான் வகுப்பு தொடங்குகிறது. வேலை விளம்பரம் அதற்குப் பல மாதம் முன்பே வரும். இங்கிலாந்தில் பொதுவாக ஒரு டிரஸ்ட், அதாவது அரசு மருத்துவச் சேவையை நடத்துகிற அமைப்பு, உன்னை மாணவியாக எடுத்து, படிக்கும்போதே சம்பளமும் தருகிறது. முடித்தால் அங்கத்துச் சம்பள வரிசையில் பேண்ட் 6. அதனால் ஃபீஸுக்கு லோன் போட அப்பா பாங்கில் விசாரிக்கத் தேவையில்லை, அவரிடம் சொல்லிவிட்டேன். வேலை மாறுவதால் விசாவுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை விண்ணப்பம் போடுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள். அப்புறம் கார். பல விளம்பரங்களில் டிரைவிங் லைசென்ஸ் கட்டாயம் என்று போட்டிருக்கிறது. நம் ஊர் லைசென்ஸ் அங்கே ஒரு வருஷம்தான் செல்லும், உனக்கு அது முடிந்துவிட்டது. மாப்பிள்ளை சொல்லித்தருவார் என்று காத்திருக்காதே. புருஷன் பெண்டாட்டிக்குக் கார் சொல்லிக்கொடுத்தால் வீட்டில் நிம்மதி போய்விடும். காசைக் கொடுத்து டிரைவிங் ஸ்கூலில் சேர்.

"ஏன் இந்த வேலைக்கு வர விரும்புகிறீர்கள்" என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டாயே. அம்மா வி.எச்.என்.னாக இருந்தார் என்று ஒரு வரி எழுது, போதும். மீதி முழுக்க உன் வார்டில் நீ பார்த்ததாக இருக்கட்டும். அந்தச் சோமாலியப் பெண் டிஸ்சார்ஜ் ஆகி, திரும்பத் திரும்ப அதே பிரச்சினையோடு வந்தாள் என்று சொன்னாயே, அவள் வீட்டில் என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரிந்துகொள்ளத் தோன்றியது அல்லவா? அதை எழுது, பேரும் அடையாளமும் இல்லாமல். எழுதியதை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு, வாசித்துவிட்டுக் கூப்பிடுகிறேன். புதன்கிழமை வேண்டாம். தடுப்பூசி நாள், புதிதாக வந்திருக்கிற நர்ஸ் பெண்ணுக்குக் கூடமாட இருக்க சப்-சென்டர் போய்விடுவேன்.

அன்புடன்,
அம்மா