சத்தம் போடும் கணினிக்கு ஃபார்மட்தான் மருந்தா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டுக் கணினியில் எந்த புரோகிராம் என்றே தெரியாமல் அடிக்கடி 'டிங்' என்று சத்தம் வருகிறது, என்ன செய்யலாம் என்று ஒரு வாசகர் கேட்டதற்கு, வைரஸாக இருக்கும், ஃபார்மட் செய்துவிட்டு விண்டோஸை மறுபடி போடுங்கள் என்று உங்கள் கணினி கேள்வி பதில் பகுதியில் பதில் வந்திருந்தது. அதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. குடும்பப் படங்கள், கணக்கு வழக்கு, பிள்ளைகளின் பாடம் எல்லாம் இருக்கிற ஒரு கணினியை ஒரு சத்தத்துக்காகத் துடைத்துப் போடச் சொல்வது ரொம்ப அதிகம். அப்படிச் செய்தாலும் அதே சத்தம் திரும்ப வரத்தான் வாய்ப்பு அதிகம், ஏனென்றால் பெரும்பாலும் அது விண்டோஸோடு கூடவே வருகிற சத்தம், இல்லாவிட்டால் ஃபார்மட் முடிந்த கையோடு நாம் மறுபடி நிறுவப்போகிற அதே புரோகிராமின் சத்தம்.

சத்தம் போடுவது யார் என்று பிடிப்பதுதான் முதல் வேலை. அதற்கான வழி விண்டோஸிலேயே இருக்கிறது, 2007-ல் விஸ்டா வந்த நாளிலிருந்தே இருக்கிறது, ஆனால் பலருக்குத் தெரிவதில்லை. வால்யூம் மிக்ஸர் என்று பெயர். விண்டோஸ் 10 என்றால் திரையின் கீழ் மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தின் மேல் வலது கிளிக் செய்தால் வரும். விண்டோஸ் 11-லும் அந்தப் பழைய பெட்டி ஒளிந்திருக்கிறது: விண்டோஸ் பொத்தானோடு ஆர் அழுத்தி, வருகிற பெட்டியில் எஸ், என், டி, வி, ஓ, எல் என்ற ஆறு எழுத்தை ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டினால் போதும். அப்போது சத்தம் எழுப்பக்கூடிய ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனித்தனிக் கோடு தெரியும். அதைத் திறந்து வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். அந்த 'டிங்' வரும்போது எந்தக் கோட்டில் பச்சை ஏறி இறங்குகிறதோ அதுதான் ஆள். அதன் ஒலியை மட்டும் அடைத்துவிடலாம், மற்றதெல்லாம் வழக்கம்போல் கேட்கும்.

சில நேரம் பச்சை ஏறுவது 'சிஸ்டம் சவுண்ட்ஸ்' என்ற கோட்டில் இருக்கும். இங்கேதான் பலர் குழம்பிப்போய் வைரஸ் என்று முடிவுகட்டுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை, ஏதோ ஒரு புரோகிராம் தன் சொந்தச் சத்தத்தைப் போடாமல் விண்டோஸின் மணியை அடிக்கிறது, அவ்வளவுதான். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் நோட்டிபிகேஷன்ஸ் பக்கத்துக்குப் போனால் அறிவிப்பு அனுப்பும் புரோகிராம்களின் பட்டியல் இருக்கும், கடைசியாக அனுப்பியது முதலில் வருகிற மாதிரி அதை வரிசைப்படுத்தவும் முடியும், ஆக இப்போதுதான் ஒலித்தது என்றால் மேலேயே மாட்டும். அதைத் தட்டி உள்ளே போய், அறிவிப்பு வரட்டும் ஆனால் சத்தம் வேண்டாம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அங்கேயும் அகப்படவில்லையா, அப்புறம் இருக்கவே இருக்கிறது நம் காது. கண்ட்ரோல் பேனலில் சவுண்ட் என்பதைத் திறந்து சவுண்ட்ஸ் என்ற பிரிவைப் பார்த்தால், எந்த நிகழ்வுக்கு எந்தச் சத்தம் என்ற நீளமான பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றாக டெஸ்ட் பொத்தானை அழுத்திக் கேட்டுக்கொண்டே வந்தால் நம்மைத் தொல்லைப்படுத்துகிற அந்த ஒலி எதன் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அது 'டிவைஸ் கனெக்ட்', 'டிவைஸ் டிஸ்கனெக்ட்' என்ற இரண்டில் ஒன்றாக இருந்தால் எந்த புரோகிராமையும் குறை சொல்ல வேண்டாம். பெரும்பாலும் யூஎஸ்பி வயர் தளர்ந்து தானாகவே விட்டுவிட்டு இணைகிறது என்று பொருள். மவுஸ், பிரிண்டர், யூஎஸ்பி ஹப் என்று ஒன்றொன்றாகக் கழற்றிப் பாருங்கள். அந்தச் சத்தத்தை அடைப்பது தவறு என்றே சொல்வேன், ஏனென்றால் வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று அப்படி அறுந்து அறுந்து இணைந்துகொண்டிருந்தால் அதில் உள்ள கோப்புகளே கெட்டுப்போகலாம். காரணம் தெரியாமல் ஸ்பீக்கரை மியூட் செய்யாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

விசைப்பலகையிலிருந்து வருகிற பீப் ஒலியும் உண்டு. ஷிப்ட் விசையை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் ஸ்டிக்கி கீஸ் (சேர்த்து அழுத்த வேண்டிய விசைகளை ஒவ்வொன்றாக அழுத்தும் வசதி) வேண்டுமா என்று சத்தத்தோடு கேட்கும், வலது ஷிப்டை எட்டு வினாடி அழுத்திப் பிடித்தால் ஃபில்டர் கீஸ் (தவறுதலாகப் படும் தட்டல்களைக் கணக்கில் எடுக்காத வசதி) வரும். விண்டோஸ், கண்ட்ரோல், என்டர் மூன்றும் தவறுதலாகச் சேர்ந்து அழுந்தினால் திரையில் இருப்பதையெல்லாம் ஒரு குரல் வாசிக்கத் தொடங்கிவிடும், அதே மூன்றையும் மறுபடி அழுத்தினால் நின்றுவிடும். பார்வையற்றவர்களுக்கும் கை ஒத்துழைக்காதவர்களுக்கும் இவை தேவையான வசதிகள், நமக்கு வேண்டாம் என்றால் ஆக்சஸிபிலிட்டி பக்கத்தில் குறுக்குவிசையை மட்டும் அணைத்தால் போதும்.

பிரவுசருக்கு வருவோம். சத்தம் வருகிற டேபில் சின்ன ஸ்பீக்கர் படம் தெரியும், வலது கிளிக் செய்து அந்தத் தளத்தை மியூட் செய்யலாம், இது பலருக்கும் தெரிந்ததுதான். தெரியாதது, எப்போதோ ஏதோ ஒரு தளம் கேட்டபோது 'அலவ்' அழுத்திவிட்டதால் வருகிற அறிவிப்புகள். அந்தத் தளத்தை மூடி மாதக்கணக்கு ஆனாலும் அவை வந்துகொண்டே இருக்கும். பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிபிகேஷன்ஸ் அனுமதிப் பட்டியலைத் திறந்து அறிமுகமில்லாத பெயரையெல்லாம் நீக்கிவிடுங்கள்.

இதைவிடக் கொடியது ஒன்று இருக்கிறது. திடீரென்று திரை முழுக்கச் சிவப்பு எச்சரிக்கை, காதைப் பிளக்கும் அலாரம், உங்கள் கணினி முடங்கிவிட்டது, உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள் என்று ஒரு குரல். வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்கள் அந்தச் சத்தத்துக்கே நடுங்கிப்போவார்கள், அந்த நடுக்கத்தை நம்பித்தான் மோசடிக்காரர்கள் சத்தமே வைக்கிறார்கள். அது வைரஸ் கூட இல்லை, வெறும் ஒரு இணையப் பக்கம். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் தொலைபேசி எண்ணே இருக்காது, இதை ஒன்றை மட்டும் எல்லா வீட்டுப் பெரியவர்களுக்கும் சொல்லி வையுங்கள். எஸ்கேப் விசையை அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். விலகாவிட்டால் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள். ஒன்றும் ஓடாவிட்டால் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். பிரவுசரை மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். எக்காரணம் கொண்டும் அந்த எண்ணுக்கு அழைக்காதீர்கள்.

நிஜமான வைரஸே இருக்காதா என்றால், இருக்கலாம். ஜன்னல் எதுவும் திறக்காமல் விளம்பரக் குரல் மட்டும் கேட்கிறது, மிக்ஸரில் முன்பின் தெரியாத பெயர் ஒன்று நிற்கிறது என்றால் விண்டோஸ் செக்யூரிட்டியில் முழு ஸ்கேன், அதிலும் அகப்படாவிட்டால், கணினியை மறுபடி தொடங்கி விண்டோஸ் ஓடுவதற்கு முன்பே தேடுகிற ஆஃப்லைன் ஸ்கேன். ஃபார்மட் இதற்கெல்லாம் பிறகுதான், அதுவும் கோப்புகளைப் பத்திரமாக வேறிடத்தில் எடுத்து வைத்த பிறகு.

இன்னொன்று, ஸ்பீக்கரை அணைத்த பின்னும் சீராக 'பீப், பீப்' வந்தால் மேசைக்கு அடியில் யூபிஎஸ்ஸைப் பாருங்கள். பேட்டரி தேய்ந்தால் அது அப்படித்தான் கத்தும்.

கடைசியாக உங்களிடமே ஒரு வேண்டுகோள். தானாக ஓடத் தொடங்கும் ஒலி மூன்று வினாடிக்கு மேல் நீடித்தால் அதை நிறுத்தவோ குறைக்கவோ வழி தர வேண்டும் என்று இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008-ல் வெளியிட்ட, மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்த உதவும் அணுகல் நெறிகள் சொல்கின்றன, அதுவும் குறைந்தபட்சத் தேவையாக. திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் திரைவாசிப்பான் வழியாகச் செய்தி கேட்கிறவருக்கு அந்தக் குரலின் மேலேயே விளம்பரம் ஒலித்தால் எதுவும் புரியாது. 2018-ல் குரோமும் 2019-ல் ஃபயர்ஃபாக்ஸும் சத்தத்தோடு தானாக ஓடும் வீடியோக்களுக்குத் தடை போட்டன. ஆனால் குரோமில், ஒரு தளத்தில் நாம் அடிக்கடி வீடியோ பார்க்கிறோம் என்று அது கணித்துவிட்டால் அந்தத் தளத்துக்குத் தடை தளர்ந்துவிடும். அதனால் உங்கள் தளத்தில் செய்திக்கு நடுவே ஓடும் வீடியோ, அன்றாடம் வந்து பார்க்கிற வாசகர்களிடம்தான் அதிகம் சத்தம் போடுகிறது. அந்த வீடியோக்களை ஒலியில்லாமல் தொடங்க வைத்து, வேண்டுகிறவர் தட்டிக் கேட்க ஒரு பெரிய ஸ்பீக்கர் பொத்தானை வைத்துத் தாருங்கள். ஃபார்மட் பற்றிய அந்தப் பதிலுக்கும் ஒரு திருத்தம் வெளியிடுங்கள், கேள்வி கேட்ட வாசகர் அதற்குள் கணினியைத் துடைத்துவிடாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி