ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த அமெரிக்க நகைச்சுவைத் தொடர்கள் பற்றிய கட்டுரையை ஆவலோடு படித்தேன். 'ஆல் இன் த ஃபேமிலி' தொடருக்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியவர், அதிலிருந்து பிரிந்து வந்த 'த ஜெஃபர்சன்ஸ்' தொடரை, "தாய்த்தொடரின் புகழில் ஓடியது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

1975 ஜனவரியில் தொடங்கி 1985 வரை பதினொரு சீசன், 253 எபிசோடு ஓடிய தொடர் அது. தாய்த்தொடர் ஒன்பது சீசனோடு 1979இல் அந்தப் பெயரில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஆறு வருஷம் யார் புகழில் ஓடியதாம்?

'ஆல் இன் த ஃபேமிலி'யின் நாயகன், நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழும் ஆர்ச்சி பங்கர் என்ற வெள்ளைக்காரர். கறுப்பர்கள் என்றாலே முகம் சுளிப்பவர். அவருடைய பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் கறுப்பர்களான ஜெஃபர்சன் குடும்பம். அந்தத் தொடரில் அவர்களை ஆர்ச்சி வீட்டுக்கு வருபவர்களாகத்தான் பார்த்தோம். டிரை கிளீனிங் கடைகளில் சம்பாதித்த ஜார்ஜ், மனைவி லூயிஸோடு பணக்காரர்கள் வாழும் மன்ஹாட்டனில் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோன பிறகு, கதவைத் திறப்பவர்கள் அவர்களே. வாசலில் நிற்க வேண்டியது மற்றவர்கள். தயாரிப்பாளர் நார்மன் லியர் செய்த இந்த ஒரு மாற்றத்தைப் பற்றியாவது கட்டுரை பேசியிருக்க வேண்டும்.

நாங்கள் குவீன்ஸுக்கு வந்த புதிதில் என் கணவர் ஒரு டிரை கிளீனிங் கடையில் வேலை பார்த்தார். வந்த துணியின் காலரில் நம்பர் சீட்டைப் பின் குத்துவது, தேய்த்து வந்ததும் பிளாஸ்டிக் உறை போட்டுக் கம்பியில் மாட்டுவது, இதுதான் நாள் முழுக்க. ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தால் டிவியில் ஜெஃபர்சன்ஸ் மறுஒளிபரப்பு. கடைக்காரர் ஜார்ஜ் மார்பை நிமிர்த்திக்கொண்டு அந்த வீட்டுக்குள் நடந்து வரும்போது இவர் சாப்பாட்டை மறந்து பார்ப்பார்.

முதல் எபிசோடில் ஒரு இடம் வரும். வீட்டு வேலை கேட்டு வரும் ஃப்ளோரன்ஸ், லூயிஸும் அவர் தோழி ஹெலனும் இதே கட்டடத்தில் குடியிருப்பவர்கள் என்று தெரிந்ததும் திகைத்துப்போவார். நாம் ஜெயித்தாகிவிட்டது, எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லையே என்று கேட்பார். 'வீ ஷல் ஓவர்கம்' (நாம் ஜெயிப்போம்) என்ற கறுப்பர் உரிமைப் போராட்டப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் கேள்வி எங்கே போய்த் தைத்திருக்கும்! ஃப்ளோரன்ஸாக நடிக்க ஒரே எபிசோடுக்கு வந்த மார்லா கிப்ஸ் கடைசிவரை நிலைத்துவிட்டார்.

கறுப்பரான ஹெலனின் கணவர் டாம் வெள்ளையர். இப்படிப்பட்ட திருமணங்களைத் தடுத்த மாநிலச் சட்டங்களை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது 1967இல்தான். எட்டே வருஷத்தில் அந்தத் தம்பதியை வாராவாரம் வரவேற்பறைக்குக் கொண்டுவந்தது இந்தத் தொடர். ஹெலனாக நடித்த ராக்ஸி ரோக்கர் நிஜத்திலும் ஒரு வெள்ளையரை மணந்தவர்.

லூயிஸாக நடித்த இசபெல் சான்ஃபோர்ட், ஜார்ஜாக நடித்த ஷெர்மன் ஹெம்ஸ்லியைவிட இருபது வயது மூத்தவர். திரையில் அது தெரியவே தெரியாது. 1981இல் நகைச்சுவைத் தொடரின் முதன்மை நடிகைக்கான, அமெரிக்கத் தொலைக்காட்சியின் எம்மி விருதைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். கட்டுரையில் அவர் பெயரே இல்லை.

இத்தனை வருஷம் ஓடிய தொடருக்கு விடைபெறும் எபிசோடு ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. தொடர் நிறுத்தப்பட்டதை ஹெம்ஸ்லி பத்திரிகை பார்த்துத்தான் தெரிந்துகொண்டாராம். 2019இல் வேறு நடிகர்களை வைத்து ஏபிசி தொலைக்காட்சி முதல் எபிசோடை நேரலையில் மறுபடி நடத்தியபோது, ஃப்ளோரன்ஸாகக் கதவைத் திறந்து வந்தது 87 வயது மார்லா கிப்ஸேதான். அரங்கத்தின் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நான் அழுதுவிட்டேன்.

கட்டுரையாளர் மறுபடி இந்தப் பக்கம் வந்தால் ஜெஃபர்சன்ஸுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கச் சொல்லுங்கள். இசபெல் சான்ஃபோர்டின் படத்தையும் கொஞ்சம் பெரிதாகவே போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
குவீன்ஸ், நியூயார்க்.