மனக்கணக்கில் தொழில் நடத்தாதே

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. தனியாகத் தொழில் தொடங்கியதும், வேலை தொடர்ந்து வருவதும் படித்து மகிழ்ந்தேன். "ஒற்றை ஆள் நடத்தும் தொழிலுக்கு அட்டவணை, ஒழுங்குமுறை எல்லாம் எதற்கு? எல்லாம்தான் தலையில் இருக்கிறதே" என்று கேட்டிருந்தாய். பதில் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்.

அலுவலகத்தில் இருந்தவரை வேலை பிடித்து வர ஓர் ஆள், விலை சொல்ல ஓர் ஆள், பில் போட ஒருவர், பாக்கி வசூலிக்க ஒருவர் இருந்தார்கள். இப்போது அத்தனை நாற்காலியிலும் நீதான். கையில் எடுத்த வேலையை நீ மறக்க மாட்டாய்; மறந்தாலும் வாடிக்கையாளர் போன் போட்டுக் கேட்டுவிடுவார். பில் போடுவதையும் புது வேலை தேடுவதையும் யார் கேட்பார்கள்? அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். இவை இரண்டும் அழாத பிள்ளைகள். வேலை நெருக்கும் மாதத்தில் புது ஆட்களிடம் பேசாமல் விட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று மாதம் கழித்துக் கையில் இருப்பதெல்லாம் முடிந்து மேசை காலியாகும்போது தெரியும். அதைத் தொழில் மந்தம் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் நிறைய.

முதலில் ஓர் அட்டவணை போடு. நோட்டுப் புத்தகம் போதும், எக்செல் இருந்தால் சௌகரியம். ஒரு வேலைக்கு ஒரு வரி. வாடிக்கையாளர் பெயர், ஒப்புக்கொண்ட தேதி, கெடு, அடுத்து செய்ய வேண்டியது, இப்போது யார் கையில் இருக்கிறது, பில் எண், பணம் வந்த தேதி. இவ்வளவுதான் பத்திகள். இதில் "யார் கையில்" என்ற பத்தியை மட்டும் விட்டுவிடாதே. வேலை தாமதமாவதில் ஒரு பெரும்பங்கு இங்கேதான் நடக்கிறது. நீ மாதிரியை அனுப்பிவிட்டு அவர் பதிலுக்குக் காத்திருப்பாய். அவர் நீ வேலையை முடித்துக்கொண்டிருப்பதாக நினைத்திருப்பார். இரண்டு வாரம் போய்விடும். "அவர் கையில், 5-ஆம் தேதி முதல்" என்று எழுதியிருந்தால் 8-ஆம் தேதி ஒரு வரி கேட்டு அனுப்பியிருப்பாய்.

"அடுத்து செய்ய வேண்டியது" என்ற இடத்தில் வினைச்சொல் இருக்கட்டும். "கட்டட வரைபடம்" என்று எழுதினால் திங்கள்கிழமை காலையில் அதைப் பார்த்து என்ன செய்வது என்று யோசிக்கவே பத்து நிமிடம் போகும். "இரண்டாம் மாடி அளவுகளைக் கேட்டு மெயில் அனுப்பு" என்று எழுதினால் உட்கார்ந்த உடனே கை ஓடும்.

இதே அட்டவணை கெடு சொல்லவும் உதவும். ஜான் லிட்டில் என்பவர் 1961-இல் நிரூபித்த ஒரு விதி உண்டு: கையில் இருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கை என்பது, வேலைகள் வரும் வேகத்தை ஒரு வேலை தங்கும் காலத்தால் பெருக்கினால் வருவது. ஏறத்தாழ வருகிற வேகத்திலேயே முடித்தும் வந்தால், இதைத் திருப்பிப் போட்டுக் கெடு கணக்கிடலாம். வாரத்துக்கு 2 வேலை முடிகிறது, கையில் 6 இருக்கிறது என்றால் ஒரு வேலைக்குச் சராசரியாக 3 வாரம். 12 இருந்தால் 6 வாரம். 12 வேலையை வைத்துக்கொண்டு "அடுத்த வாரம் தந்துவிடுகிறேன்" என்று சொல்வதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, எண்ணிப் பார்க்காததுதான். வரிகளை எண்ணிவிட்டுத் தேதி சொல்.

அடுத்து பணம். வேலையை ஒப்படைத்த அன்றே பில் போட்டுவிடு. மாதக் கடைசியில் மொத்தமாகப் போடலாம் என்று ஒதுக்கினால் பணமும் அத்தனை நாள் தள்ளிப்போகும். எண் 2026-014 என்பதுபோல வரிசையாகப் போகட்டும். ரத்தான பில்லை அழிக்காதே. "ரத்து" என்று குறித்து அப்படியே வை, இல்லாவிட்டால் நடுவில் விட்டுப்போன எண்ணுக்குப் பிறகு நீதான் விளக்கம் சொல்ல வேண்டும். "30 நாளுக்குள்" என்று எழுதாமல் கடைசித் தேதியையே எழுது. பெரிய நிறுவனம் என்றால் வேலை தொடங்கும் முன்பே பர்சேஸ் ஆர்டர் (அவர்கள் எழுத்தில் தரும் கொள்முதல் ஆணை) எண்ணையும், பில்லை யார் பெயருக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் கேட்டு வாங்கிவிடு. அந்த எண் இல்லாத பில் கணக்குப் பிரிவில் சத்தமில்லாமல் கிடக்கும். யாரும் உனக்குச் சொல்ல மாட்டார்கள்.

நினைவூட்டல் கடிதங்களை இப்போதே, கோபம் இல்லாதபோது எழுதி வைத்துக்கொள். கெடுவுக்கு 3 நாள் முன்பு ஒன்று, கடந்த மறுநாள் ஒன்று, 7-ஆம் நாள் ஒன்று, 15-ஆம் நாள் போன். சங்கோஜத்தால்தான் பலர் பாக்கியைக் கேட்பதில்லை. தேதி வந்தால் அனுப்புவது என்று வைத்துவிட்டால் அங்கே சங்கோஜத்துக்கு இடமில்லை.

தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு இருக்கட்டும். பணம் வந்த அன்றே வரிக்கான பங்கைப் பிரித்து வை. எத்தனை சதவீதம் என்பதை உன் கணக்காளரிடம் கேட்டுக்கொள்.

விலை விஷயத்தில் ஒரு கணக்கு. ஆண்டுக்கு 52 வாரம், வாரம் 40 மணி என்று, வேண்டிய ஆண்டு வருமானத்தை 2080-ஆல் வகுத்து மணிக்கூலி போடுகிறார்கள். விடுமுறை, காய்ச்சல், பண்டிகை என்று 6 வாரம் கழித்தால் 1840 மணி. அதிலும் பேச்சு, பில், அலைச்சல் போக, காசாகிற நேரம் 60 சதவீதம் என்று வைத்தால் சுமார் 1100. ஆக 2080-ஆல் வகுத்தவர் ஏறத்தாழ பாதி விலைக்கு உழைக்கிறார். உன் சதவீதம் என்னவென்று தெரிய நான்கு வாரம் நேரத்தைக் குறித்துப் பார், ஊகத்தில் போடாதே.

கோப்புகளுக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டை முன்னால் போடு: 2026-03-07. அப்போதுதான் பெயர் வரிசையும் தேதி வரிசையும் ஒன்றாகும். "ஃபைனல்", "புது ஃபைனல்" எல்லாம் வேண்டாம். பேக்கப் என்றால் மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். இணையத்தோடு தானாக ஒத்துப்போகும் ஃபோல்டரை மட்டும் பேக்கப் என்று நம்பிவிடாதே. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு கோப்பைப் பிரதியிலிருந்து எடுத்துத் திறந்து பார்.

இவ்வளவையும் ஒரே வாரத்தில் ஏற்பாடு செய்யாதே. நான்கு செயலி, ஏழு வண்ணம், இருபது பத்தி என்று தொடங்குகிறவர்கள் வேலை நெருக்கும் முதல் வாரத்திலேயே விட்டுவிடுவார்கள். குறித்து வைக்க நாளுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனால் அந்த முறை நிற்காது. முதல் மாதம் அட்டவணையும் பில்லும் மட்டும் போதும். வெள்ளிக்கிழமை மாலை அரைமணி நேரம் ஒதுக்கி ஒவ்வொரு வரியாகப் பார். கடைசிப் பத்து நிமிடத்தில், வேலை எவ்வளவு இருந்தாலும், பழைய வாடிக்கையாளர் ஒருவருக்கோ புது ஆள் ஒருவருக்கோ எழுது.

இப்போது உன் கையில் எத்தனை வேலை இருக்கிறது, அதில் எத்தனை அடுத்தவர் பதிலுக்காக நிற்கிறது என்று எண்ணி எழுது. கெடுவை எப்படி மாற்றுவது என்று சேர்ந்து பார்ப்போம். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்